பிரிட்டனில் மானுடப் புவியியல் முதுகலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு வருடம் மானுடப் புவியியல் முதுகலை படித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மாதம் நான்கைந்து பேராவது போன் செய்து விவரம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணங்களும் விசா விதிகளும் வருடா வருடம் மாறுபவை. அவற்றை மட்டும் விண்ணப்பிக்கும் முன் பிரிட்டன் அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மானுடப் புவியியல் என்றால் என்ன? நதி, மண்வகை, பருவக்காற்று எல்லாம் படிக்க வேண்டுமா?

வேண்டாம். அது இயற்கைப் புவியியல். என் சித்தப்பா நான் லண்டன் போய் மேப் வரையப் படித்ததாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சென்னையில் நதிக்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் வைத்தார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அந்த இடம்? யார் முடிவு செய்தது? வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றானபோது பேருந்துச் செலவு யார் தலையில் விழுந்தது? அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போவது எப்படி? இப்படிக் கேட்பதுதான் மானுடப் புவியியல். நகரம், இடப்பெயர்வு, நிலம், எல்லை, சாதி, பாலினம், உணவு, காலநிலை மாற்றம் என எதைத் தொட்டாலும் 'எங்கே' என்ற கேள்வியும் 'ஏன் அங்கே' என்ற கேள்வியும் கூடவே வரும்.

வகுப்பில் முதல் வாரமே காதில் விழும் பெயர்கள் இரண்டு. ஒருவர் டேவிட் ஹார்வி. எண்களும் கோட்பாட்டு விதிகளுமாகப் புவியியல் எழுதிக்கொண்டிருந்தவர், 1969இல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு வேலைக்குப் போனார். அங்கே கறுப்பின மக்களின் வீட்டுநிலையைப் பார்த்தபின் மார்க்ஸ் பக்கம் திரும்பினார். இன்னொருவர் டோரீன் மாஸி. லண்டனில் தான் வசித்த கில்பர்ன் பகுதியின் கடைத்தெருவில் நடப்பதையே வைத்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐரிஷ்காரர்களின் அடையாளங்கள், புடவைக்கடை, தலைக்கு மேலே ஹீத்ரோவுக்குப் போகும் விமானம் எல்லாம் அதில் வரும். ஓர் இடம் என்பது வேலி போட்ட நிலம் அல்ல, வெளியிலிருந்து வரும் தொடர்புகள் வந்து முடிச்சு விழும் புள்ளி என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், சேர்வதற்கு முன் படிக்க வேண்டியது அந்த ஒரு கட்டுரைதான்.

அப்படியானால் வரைபடமே கிடையாதா?

உண்டு. ஆனால் வரைபடத்தை நம்பாமல் இருக்கத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சார்லஸ் பூத் என்பவர் லண்டன் தெருக்களுக்கு வறுமை வாரியாக வண்ணம் பூசி வரைபடம் வெளியிட்டார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், அடிமட்டத்துக்குக் கறுப்பு. கறுப்புக்கான விளக்கத்தைப் பார்த்தால் ஏழை என்று மட்டும் இருக்காது. கெட்ட நடத்தை, பாதிக் குற்றவாளி என்கிற தொனியில் எழுதியிருக்கும். கணக்கெடுப்பு எங்கே முடிகிறது, தீர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டு இரண்டு மணி நேரம் விவாதித்தோம். அந்த வரைபடங்கள் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

ஜி.ஐ.எஸ். (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் முறை) தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டு போங்கள். க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்குக் காசு கிடையாது, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வேலை தேடும்போது 'கோட்பாடு தெரியும்' என்பதைவிட இதுதான் கைகொடுக்கிறது.

நான் பி.ஏ. புவியியல் படிக்கவில்லை. இடம் கிடைக்குமா?

கிடைக்கும். என் வகுப்பில் கட்டிடக்கலை, சமூகவியல், பொருளாதாரம் படித்தவர்கள்தான் அதிகம், ஒரு சிவில் என்ஜினியரும் இருந்தார். இளங்கலையில் ஏறக்குறைய 60 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தைப் பொறுத்து கூடும், குறையும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 6.5 அல்லது 7 கேட்பது வழக்கம், அதில் எழுத்துப் பகுதிக்குத் தனி வரம்பும் இருக்கும். வேறு துறையிலிருந்து வருபவர், ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்பதை ஒரு பத்தியில் நம்பும்படி சொன்னால் போதும்.

தேடினால் 'மானுடப் புவியியல்' என்ற பெயரில் கொஞ்சம் படிப்புகள்தானே வருகின்றன?

பெயரைப் பார்க்காதீர்கள், துறையைப் பாருங்கள். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் (யூ.சி.எல்.) புவியியல் துறையில் உலக இடப்பெயர்வு என்ற பெயரில் முதுகலை இருக்கிறது. ராயல் ஹாலோவே பண்பாட்டுப் புவியியலுக்குப் பேர் போனது. நகரவியல், சுற்றுச்சூழலும் வளர்ச்சியும், அரசியல் புவியியல் என்று வேறு இடங்களில் வேறு பலகை மாட்டியிருப்பார்கள். சொல்லித்தருபவர்களும் படிக்கும் நூல்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எம்.ஏ.வா, எம்.எஸ்சி.யா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இந்தத் துறையில் அது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. என்பது நான்கு வருட இளங்கலைப் பட்டம். அதற்கு விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள்.

ஒரு வருடத்தில் அப்படி என்ன படித்துவிட முடியும்?

மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதில் பெரும்பாலும் 60 கிரெடிட் ஆய்வேட்டுக்கு. செப்டம்பரில் சேர்ந்தால் மார்ச், ஏப்ரல் வரை வகுப்பு, அப்புறம் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் வரை ஆய்வேடு.

வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம்தான் வகுப்பு இருக்கும். 'இதற்கா இத்தனை லட்சம்?' என்று முதல் மாதம் எனக்குத் தோன்றியது. இரண்டாவது மாதம் அந்தக் கேள்வி காணாமல் போனது. ஒவ்வொரு செமினாருக்கும் மூன்று நான்கு கட்டுரைகள் படித்துவிட்டுப் போக வேண்டும். படிக்காமல் போய் உட்கார்ந்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பன்னிரண்டு பேர் உள்ள அறையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

62 மதிப்பெண் வந்திருக்கிறது. சொதப்பிவிட்டேனா?

இல்லை, நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். 50 வாங்கினால் தேர்ச்சி, 60 என்றால் மெரிட், 70 என்றால் டிஸ்டிங்ஷன். 80ஐத் தாண்டுவது அபூர்வம். வீட்டில் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது. கட்டுரை எழுத வருமா?

தடுக்குவது ஆங்கிலத்தில் இல்லை. என் முதல் கட்டுரைக்கு 54 வந்தது. நகர்ப்புற நில அபகரிப்பு பற்றிப் பன்னிரண்டு அறிஞர்கள் சொன்னதை வரிசையாக, பிழையில்லாமல் எழுதியிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பைத் தமிழில் சொன்னால், 'சரி, இவர்களெல்லாம் இப்படிச் சொல்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?'

நாம் படித்து வந்த முறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். அங்கே அதற்குப் பாதிதான். முதல் பத்தியிலேயே உங்கள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் வைத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்கத்தான். ஹார்வியோடு உடன்படவில்லை என்றால் தாராளமாக எழுதலாம், காரணம் இருந்தால் போதும். அடுத்த கட்டுரையில் நான் அதைச் செய்தேன், 66 வந்தது. ஆங்கிலம் அதே ஆங்கிலம்தான்.

இன்னொன்று. பிறர் வரியை மேற்கோள் காட்டாமல் எடுத்தால் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். 'தெரியாமல் செய்தேன்' என்பது அங்கே எடுபடாது.

களப்பணி எப்படி இருக்கும்?

இந்தப் படிப்பிலேயே எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடைத்தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். நான் கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் போனேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கி நடந்தால் தோசைக் கடை, நகைக்கடை, பணம் அனுப்பும் கடை, புடவைக்கடை, யாழ்ப்பாணத்து மளிகை. மாஸி இருந்திருந்தால் குறிப்பேட்டை எடுத்திருப்பார்.

முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். யாரிடம் பேசுவீர்கள், என்ன கேட்பீர்கள், ஒலிப்பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று பக்கம் பக்கமாகப் படிவம். பேட்டி தருபவர் கையெழுத்துப் போட ஒரு ஒப்புதல் படிவமும் உண்டு. அதையெல்லாம் அச்சடித்துக்கொண்டு ஒரு மளிகைக் கடைக்குள் போனேன். முருங்கைக்காய்க் கூடைக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார், டீ கூடக் கொடுத்தார். படிவத்தை நீட்டியதும் முகம் மாறிவிட்டது.

"கையெழுத்து என்னத்துக்குத் தம்பி? கதைக்கிறதெண்டால் கதைப்பம். பேப்பர் வேண்டாம்."

போரிலிருந்து தப்பி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலைந்து, ஒவ்வொரு அலுவலகத்திலும் கையெழுத்துப் போட்டுக் காத்திருந்தவரிடம் போய் நான் படிவம் நீட்டியிருக்கிறேன். அது எனக்கு உறைக்கவே இரண்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்து வழிகாட்டியிடம் சொன்னேன். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்தால் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்கினோம். அடுத்த முறை போனபோது ஒன்றரை மணி நேரம் பேசினார்.

அறிக்கையில் 'நான் யார்' என்றும் எழுத வேண்டும். அவருக்கு நான் தமிழன்தான், ஆனால் விசாவில் வந்த இந்தியத் தமிழன். என் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆய்வாளரின் நிலைப்பாடு என்று பாடத்தில் வரும் விஷயம் இதுதான். பாடத்தில் படித்தபோது வெறும் சடங்காகத் தெரிந்தது.

எங்கள் ஊரைப் பற்றியே ஆய்வேடு எழுதலாமா?

தாராளமாக. மொழி தெரியும், ஆள் தெரியும், பேருந்து எண் தெரியும். வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லாத பலம் அது. ஆனால் 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்கிற நினைப்பு ஆபத்து. தெரிந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே வந்துவிடுவோம்.

நடைமுறையில், கோடையில் ஊருக்குப் போய்க் களப்பணி செய்ய எழுத்துபூர்வ அனுமதி, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், நெறிமுறை அனுமதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். உங்கள் விசாவுக்குப் பல்கலைக்கழகம்தான் ஸ்பான்சர். சொல்லாமல் கிளம்பிப் போனால் சிக்கல்.

வகுப்போடு ஐரோப்பாவுக்குக் களப்பயணம் என்கிறார்கள். போக முடியுமா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பிரிட்டன் விசா செல்லாது. பயணத் தேதி அறிவித்த அன்றே அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவருக்குத் தேதி கிடைக்காமல், மற்றவர்கள் போய்வரும்வரை அவர் நூலகத்தில் மாற்று வேலை செய்துகொண்டிருந்தார்.

செலவு எவ்வளவு?

கல்விக் கட்டணம் வெளிநாட்டு மாணவருக்கு இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 20,000 முதல் 35,000 பவுண்டு வரை. லண்டனில் அதிகம்.

விசாவுக்கு, கல்விக் கட்டணத்தில் செலுத்த வேண்டிய மீதியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. அதாவது லண்டன் என்றால் 13,761 பவுண்டு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் போச்சு. அப்பா, அம்மா கணக்கில் இருந்தால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் சேர்க்க வேண்டும்.

அதோடு மருத்துவக் கட்டணம். வருடத்துக்கு 776 பவுண்டு என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பன்னிரண்டு மாதப் படிப்புக்கு விசா அதையும் தாண்டிச் சில மாதங்கள் தருவதால், ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு பிடிப்பார்கள். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். காசநோய்ப் பரிசோதனை வேறு, அதுவும் அவர்கள் அங்கீகரித்த மையத்தில் மட்டும்.

உதவித்தொகை?

பிரிட்டன் அரசின் பணத்தில் தரும் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகை இரண்டையும் கண்டிப்பாக முயலுங்கள். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும் பார்க்கவும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஒரு முள் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை 2022இல் அதிலிருந்து நீக்கிவிட்டார்கள். சேரியின் நிலவுரிமையைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் மாணவருக்கு அந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள்.

பார்ட் டைம் வேலை செய்து சமாளிக்கலாமா?

சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம், கல்விக் கட்டணத்தை முடியாது. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. 'கோடையில் லீவுதானே, முழுநேரம் பார்க்கலாம்' என்று நினைப்பார்கள். இளங்கலைக்கு அது சரி. முதுகலையில் ஆய்வேடு எழுதும் கோடையும் படிப்புக் காலம்தான், அப்போதும் 20 மணி நேரம்தான். சுயதொழில் கூடவே கூடாது. ஆப் வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வரும், மாட்டினால் விசாவே போய்விடும்.

மனைவியை, கணவரை அழைத்துப் போகலாமா?

முடியாது. 2024 ஜனவரியிலிருந்து வகுப்புவழி முதுகலை மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. அரசு முழு உதவித்தொகை தரும் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

முடித்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா?

ஏஜென்ட் சொல்வதுபோல் சுலபமில்லை. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் தங்க ஸ்பான்சர் செய்யும் முதலாளி வேண்டும். 2025 ஜூலையில் பொதுவான சம்பள வரம்பை வருடத்துக்கு 41,700 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனாலும் தொண்டு நிறுவனம் ஒன்று தரும் தொடக்கச் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி.

இன்னொரு குழப்பம்: நகரத் திட்டமிடுநர் ஆகலாம் என்று நினைத்து வருகிறார்கள். அதற்கு அங்கே ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிடியூட் அங்கீகரித்த படிப்பு வேண்டும். மானுடப் புவியியல் முதுகலைக்கு அந்த அங்கீகாரம் பொதுவாக இருக்காது. உங்கள் இலக்கு அதுவென்றால் நேராகத் திட்டமிடல் படிப்புக்கே போங்கள்.

என்னோடு படித்தவர்கள் இன்று வீட்டுவசதி அமைப்பு, ஜி.ஐ.எஸ். நிறுவனம், ஆய்வு ஆலோசனை நிறுவனம், பள்ளி ஆசிரியர் வேலை என்று பிரிந்து கிடக்கிறார்கள். இருவர் பிஎச்.டி. செய்கிறார்கள். பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி அமைப்பு (யூ.கே.ஆர்.ஐ.) தரும் பிஎச்.டி. நிதி 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது, ஆனால் மொத்த இடங்களில் 30 சதவீதம் வரைதான். போட்டி கடுமை.

ஒரு வருட முதுகலை இந்தியாவில் செல்லுமா?

2022 ஜூலையில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு செல்லும். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமானால் சமநிலைச் சான்றும் நெட் தேர்வும் தனி. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுக்க இந்தப் படிப்பு உதவும் என்று நினைத்தால், அந்தப் பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் நீங்கள் தனியாகத்தான் படிக்க வேண்டும். முதல் கேள்வியில் வேண்டாம் என்று சொன்னேனே, அந்தப் பருவக்காற்று அங்கே திரும்ப வரும்.

எஸ்.ஓ.பி.யில், அதாவது விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில், என்ன எழுதுவது?

'சிறு வயதிலிருந்தே எனக்குப் புவியியல் மீது ஆர்வம்' என்று மட்டும் தொடங்காதீர்கள். ஓர் இடத்தில் தொடங்குங்கள். உங்கள் ஊர் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றினார்களா? பூக்காரம்மாவின் கடை என்ன ஆனது, ஆட்டோ கட்டணம் எவ்வளவு ஏறியது, பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த நிலம் யார் கைக்குப் போனது? போய் இரண்டு நாள் விசாரித்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தக் கேள்வியை யாரிடம் படிக்க விரும்புகிறீர்கள் என்று அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைச் சேருங்கள். இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்.

போகும்போது என்ன எடுத்துப்போவது?

தண்ணீர் புகாத நல்ல ஷூ. குக்கர் அங்கேயே கிடைக்கும், ஈஸ்ட்ஹாமில் புளி கூடக் கிடைக்கும். நவம்பர் மழையில் கான்வாஸ் ஷூவோடு தெருத்தெருவாகக் களப்பணி செய்து, அடுத்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்தவன் சொல்கிறேன்.